பனிக்காலத்துக்கு முன் வீட்டை ஆயத்தம் செய்தல்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் தென்பகுதியில், மேப்பிள் இலைகள் நிறம் மாறத் தொடங்கும் செப்டம்பர் இறுதிக்கும் நிலம் உறையத் தொடங்கும் டிசம்பருக்கும் இடைப்பட்ட இரண்டு மாதங்கள் வீட்டுக்காரர்களுக்கு வேலை மிகுந்த காலமாகும். டொரன்டோவில் ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு ஏறக்குறைய 4 டிகிரி கீழே நிற்கிறது. சில இரவுகளில் அது மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவதும் உண்டு. வின்னிபெக் போன்ற உள்நாட்டு நகரங்களிலோ ஜனவரியின் சராசரியே மைனஸ் 16 டிகிரியை ஒட்டியிருக்கும். வீட்டுக்குள் மக்கள் 20, 21 டிகிரி வெப்பத்தில் வாழ விரும்புவதால், ஓரடித் தடிப்புக்கூட இல்லாத ஒரு சுவர், தன் இரு முகங்களுக்கும் இடையே 40 டிகிரி வேறுபாட்டைக்கூடக் கடுங்குளிர் இரவுகளில் தாங்கி நிற்க வேண்டியிருக்கிறது.

குளிருக்கு வீட்டை ஆயத்தம் செய்தல் என்றதும் சூட்டைக் கூட்டும் வழிகளே முதலில் நினைவுக்கு வரும். ஆயினும் அந்த வீடுகளுக்கு நேரும் சேதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை நீரால் விளைபவை என்பது தெரியவரும். குழாயில் உறைந்தும், கூரையில் உருகி மறுபடி உறைந்தும், கண்ணுக்குத் தெரியாத ஆவியாகச் சுவருக்குள் புகுந்து அங்கே துளிகளாகப் படிந்தும் வீட்டைக் கெடுப்பது நீரே. அந்த ஆவியைச் சுமந்து செல்வதும், காசு கொடுத்து உண்டாக்கிய சூட்டை வெளியே கொண்டுபோவதும் காற்று. இந்த இரண்டும் வீட்டுக்குள் எவ்வழியே நடமாடுகின்றன என்பதை அறிந்துகொண்டவருக்கு, இலையுதிர்காலத்தில் எந்த வேலையை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில் குழப்பம் இராது.

அங்குள்ள தனிவீடுகளில் பெரும்பாலானவை மரச்சட்டங்களால் எழுப்பப்பட்டவை. வெளியே தெரியும் செங்கல் வரிசை பல வீடுகளில் ஒரு போர்வை மட்டுமே. வீட்டின் சுமையை அது தாங்குவதில்லை. சட்டங்களுக்கு இடையே கண்ணாடி இழைப் பஞ்சு திணிக்கப்பட்டு, அதன் உட்புறத்தில் பாலித்தீன் தாள் விரிக்கப்பட்டு, அதன்மேல் ஜிப்சம் பலகை அறையப்படுகிறது. பஞ்சு வெப்பத்தைத் தடுப்பது அதனுள் அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்றினால்தான். பாலித்தீன் தாளின் வேலை வேறு. அறையிலுள்ள சூடான காற்று தன்னுள் நிறைய நீராவியை ஏந்தியிருக்கும். அது பஞ்சைக் கடந்து குளிர்ந்த வெளிப்பலகையைத் தொட்டால், ஆவி நீராகிப் பஞ்சை நனைத்துவிடும். நனைந்த பஞ்சு வெப்பத்தைக் காக்காது. ஈரம்பட்ட மரம் காலப்போக்கில் உளுத்துப்போகும். ஆகவேதான் தாள் எப்போதும் சூடான பக்கத்தில், அதாவது வீட்டின் உட்பக்கத்தில், விரிக்கப்படுகிறது.

நிலத்தடி அமைப்பும் குளிரை வைத்தே தீர்மானிக்கப்பட்டதாகும். ஈரமண் உறையும்போது உப்பி மேலெழும். அந்த விசை ஒரு வீட்டின் அடித்தளத்தையே தூக்கிப் பிளக்க வல்லது. உறைதல் எட்டாத ஆழத்தில் அடித்தளம் அமைய வேண்டும் என்பதால், தென் ஒன்டாரியோவில் குறைந்தது 1.2 மீட்டர் தோண்டுவது நடைமுறை. அவ்வளவு தோண்டிய பிறகு இன்னும் சற்று ஆழப்படுத்தினால் ஒரு முழுத் தளமே கிடைத்துவிடுவதால், பேஸ்மென்ட் எனப்படும் நிலவறை அந்நாட்டு வீடுகளின் இயல்பான பகுதியாயிற்று.

காற்றுக்கசிவைத் தடுப்பதே ஆயத்தப் பணிகளுள் குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவது. சூடான காற்று எடை குறைந்து மேலெழுவதால், குளிர்காலத்தில் முழு வீடும் ஒரு புகைபோக்கியைப் போல இயங்குகிறது: மேல்மாடியின் இடுக்குகள் வழியே சூடான காற்று வெளியேற, அதனால் உண்டாகும் குறையை நிரப்ப நிலவறையின் இடுக்குகள் வழியே குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. வெளியே குளிர் கடுமையாகும் அளவுக்கு இந்த இழுப்பும் வலுக்கும். இதிலிருந்து விளங்கும் ஓர் உண்மை பலருக்கும் வியப்பளிக்கக்கூடும். சன்னலோரத்தில் உட்கார்ந்தால் குளிர் உறைக்கிறது என்பதற்காக எல்லோரும் சன்னல்களையே முதலில் அடைக்க முற்படுகின்றனர். ஆனால் மிகுதியான கசிவு நிகழ்வது வீட்டின் உச்சியிலும் அடியிலுமே. கூரையடி வெளிக்கு ஏறுவதற்கான சிறு கதவின் விளிம்பு, கூரைப்பலகையில் பதிக்கப்பட்ட மின்விளக்குகளின் சுற்று, கழிவுநீர்க் குழாயும் மின்கம்பிகளும் மேலேறும் துளைகள், நிலவறையின் கான்கிரீட் சுவர்மேல் மரத்தளம் வந்து அமரும் வரிசை ஆகியவையே முதலில் கவனிக்க வேண்டிய இடங்கள்.

கசிவைக் கண்டறிய ஓர் ஊதுபத்தி போதும். காற்று பலமாக வீசும் குளிர்நாளில் சன்னல்களையும் கதவுகளையும் அடைத்து, எரிவாயுவால் இயங்கும் சாதனங்களை நிறுத்திவிட்டு, சமையலறை, குளியலறை ஆகியவற்றின் காற்றுவெளியேற்றிகளை ஓடவிட்டால், வீட்டினுள் காற்றழுத்தம் சற்றுக் குறையும்; அந்நிலையில் பற்றவைத்த ஊதுபத்தியைச் சன்னல் சட்டத்தின் விளிம்பிலும், வெளிச்சுவரில் பதித்த மின்செருகிகளின் அருகிலும், தரையும் சுவரும் கூடும் மூலையிலும் மெல்ல நகர்த்திச் செல்ல வேண்டும். நேராக எழும் புகை திடீரென வளைந்து அலைக்கழியும் இடத்தில் காற்று புகுகிறது என்று பொருள். எரிவாயுச் சாதனங்களை நிறுத்த வேண்டியது கட்டாயம். இல்லாவிட்டால் வெளியேற வேண்டிய அவற்றின் நச்சுப்புகை வீட்டுக்குள்ளேயே இழுக்கப்படக்கூடும்.

கண்டறிந்த இடுக்கை எதனால் அடைப்பது என்பதற்கு எளிய விதி ஒன்று உண்டு. அசையாத பொருள்கள் இரண்டு கூடும் இடத்துக்கு, கால்க் எனப்படும் பசையைக் குழலிலிருந்து பிதுக்கி நிரப்ப வேண்டும். கதவு, திறக்கும் சன்னல் போன்று அசையும் பகுதிகளுக்கு ரப்பர் அல்லது நுரைப் பட்டை ஒட்ட வேண்டும். வெளிப்புறத்தில் பூசும் பசைகளில் பல, 5 டிகிரிக்குக் கீழே சரியாகப் பற்றுவதில்லை. அதனால் அந்த வேலையை அக்டோபருக்குள் முடித்துவிடுவது நல்லது. பனி விழுந்தபின் பூசிய பசை வசந்தத்தில் உரிந்து வருவது வழக்கமாகக் காணப்படுவதே. பழைய சன்னல்களை மாற்ற வசதியில்லாதவர்கள், மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சட்டத்தின் உட்புறத்தில் ஒட்டி, தலைமுடி உலர்த்தியின் சூட்டால் அதை இறுக்கிவிடுகின்றனர். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே அடைபடும் காற்று ஒரு கூடுதல் அடுக்காகி வெப்பத்தைக் காக்கிறது.

இந்த அறிவு புதிதல்ல. இரட்டைக் கண்ணாடிச் சன்னல்கள் பரவுவதற்கு முன், ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ஏணி வைத்து ஏறி, சன்னல்களுக்கு வெளியே இரண்டாவது கண்ணாடிச் சட்டத்தை மாட்டி, வசந்தத்தில் கழற்றி வைப்பது குடும்பங்களின் ஆண்டுக்கடமையாக இருந்தது. கிராமங்களில் வீட்டின் அடிப்பகுதியைச் சுற்றி வைக்கோலையும் இலைச் சருகையும், பின்னர் பனியையுமே அணைத்துக் குவித்தனர். கியூபெக் மாகாணத்தில் வாசற்கதவுக்கு வெளியே தம்பூர் எனப்படும் சிறு அறையைக் குளிர்காலத்துக்கு மட்டும் பொருத்தும் பழக்கம் இன்றும் தொடர்கிறது. ஒரு கதவை அடைத்த பின்னரே மறு கதவைத் திறப்பதால், ஆள் வரும்போதெல்லாம் சூடு வெளியேறிவிடுவது தடைபடுகிறது.

அடுத்து வருவது அட்டிக் எனப்படும் கூரையடி வெளி. வெப்பக்காப்புப் பொருள் ஒன்று வெப்பத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பதை ஆர் மதிப்பு என்னும் எண்ணால் குறிப்பிடுகின்றனர். எண் இருமடங்கானால் அதனூடே வெளியேறும் வெப்பம் பாதியாகும். ஒன்டாரியோவின் புதிய வீடுகளில் அட்டிக்குக்கு ஆர் 60 என்ற அளவு பரவலாக வந்துவிட்டது. செல்லுலோஸ் எனப்படும் காகிதத் துகளால் அதை எட்ட வேண்டுமெனில் 40 சென்டிமீட்டருக்கு மேல் நிரப்ப வேண்டும். பழைய வீடுகளில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது.

காப்பைக் கூட்டுவதற்கு முன் அறிய வேண்டியது, அட்டிக் குளிர்ந்தே இருக்க வேண்டும் என்பதாகும். காப்பு அமைவது அட்டிக்கின் தரையில். அதற்கு மேலுள்ள வெளி, இறவாரத்தின் அடியிலுள்ள துளைகள் வழியே வெளிக்காற்று புகுந்து உலாவும்படி திறந்திருக்க வேண்டும். வீட்டின் சூடு கசிந்து மேலேறி அட்டிக்கைச் சூடாக்கினால், கூரைமேல் படிந்த பனியின் அடிப்பகுதி உருகி, நீர் சரிவில் ஓடிவந்து, கீழே வீடு இல்லாததால் குளிர்ந்து கிடக்கும் இறவார விளிம்பில் மறுபடி உறைகிறது. அவ்வாறு வளரும் பனிக்கட்டி ஓர் அணையாகி, பின்னால் வரும் நீரைத் தேக்கி, ஓடுகளின் அடியாகப் பின்னோக்கி ஏற்றிவிடுகிறது. பிப்ரவரியில் படுக்கையறைக் கூரையில் மஞ்சள் கறை தோன்றும்போது, கூரை ஒழுகுகிறது என்று எண்ணி ஓடு மாற்றப் புறப்படுபவர் பலர். பழுது ஓட்டில் இல்லை. மாதங்களுக்கு முன் அடைக்கப்படாமல் விட்ட காற்றுக்கசிவில் உள்ளது. இறவாரத் துளைகளைப் பஞ்சால் மூடிவிடுவதும், குளியலறைக் காற்றுவெளியேற்றியின் குழாயை வெளியே விடாமல் அட்டிக்குக்குள்ளேயே விட்டுவிடுவதும் அடிக்கடி நிகழும் பிழைகள். பின்னதில், ஈரக்காற்று கூரைப்பலகையின் அடியில் உறைபனியாகப் படிந்து, வெயில் ஏறும் நாளில் மழையாகச் சொட்டும்.

அட்டிக்கில் பளபளக்கும் சிறு கூழாங்கல் போன்ற வெர்மிகுலைட் என்னும் கனிமத் துகள் கிடந்தால், அதைக் கிளறாமல் இறங்கிவிடுவதே சரி. 1990 வரை விற்கப்பட்ட அத்துகளின் ஒரு பகுதியில், நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை கலந்திருக்க வாய்ப்புண்டு. அதைச் சோதித்து அகற்றுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

காற்றுக்கசிவை முற்றிலும் அடைத்தால் என்ன ஆகும் என்ற வினாவுக்கு, 1977இல் சஸ்காட்செவன் மாகாணத்தின் ரெஜைனா நகரில் கட்டப்பட்ட ஒரு வீடு விடை தந்தது. ஹரல்ட் ஓர் என்னும் பொறியாளரும் அவர்தம் குழுவினரும் வடிவமைத்த அந்தச் சஸ்காட்செவன் சேமிப்பு வீட்டில், குளிர் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்கும் ஊராயிருந்தும், வழக்கமான ஃபர்னஸ் எனும் சூடேற்றும் பொறி வைக்கப்படவில்லை. தடித்த சுவரும் காற்றுப்புகா இறுக்கமுமே போதும் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆனால் காற்றுப் புகாத வீட்டில் மனிதர் மூச்சுவிட வேண்டுமே. அதற்காக, வெளியேறும் பழைய காற்றின் சூட்டை, உள்ளே வரும் புதிய காற்றுக்கு மாற்றித்தரும் ஒரு பெட்டியை அவர்கள் அமைத்தனர். காற்றுகள் இரண்டும் கலவாமல், மெல்லிய தகடுகளின் இருபுறமும் ஓடிச் சூட்டை மட்டும் கைமாற்றிக்கொள்ளும். எச்.ஆர்.வி. என்ற பெயரில் இப்பெட்டி இன்று கனடாவின் புதிய வீடுகளில் பரவியிருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் கனடா உருவாக்கிய ஆர்-2000 என்னும் கட்டட அளவுகோலுக்கும், பின்னர் ஜெர்மனியில் வளர்ந்த பாசிவ்ஹவுஸ் முறைக்கும் அவ்வீடு ஒரு முன்னோடியாயிற்று. சூடேற்றும் பொறியைப் பெரிதாக்குவதைவிட வீட்டை இறுக்கமாக்குவதே மேல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இறுக்கமான வீட்டில் ஈரம் தங்கும் என்பதும் இதன் மறுபக்கம். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து பெருந்தொகையாகச் சென்று ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளில் வேரூன்றிய தமிழர்களின் இல்லங்களுக்கு இது சிறப்பாகப் பொருந்தும். சோறு வடிப்பதும், இடியப்பமும் இட்லியும் அவிப்பதும், குழம்பு கொதிப்பதும் ஆவியை எழுப்புபவை. துவைத்த துணியை வீட்டுக்குள் உலர்த்தினால் அதன் நீர் முழுவதும் காற்றில்தான் கலக்கிறது. கோடையில் இவற்றால் தீங்கில்லை. மைனஸ் 15 டிகிரியில், அதே ஆவி சன்னல் கண்ணாடியில் படிந்து, சட்டத்தின் அடியில் தேங்கி, சில வாரங்களில் கரும்பூஞ்சையாகிறது. அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைத்திருந்தால், அதன் பின்னால் சூடு எட்டாத மூலையிலும் பூஞ்சை வளரும். குழந்தைகளின் இழைப்பு நோயை அது மோசமாக்கும். அடுப்பு எரியும் நேரம் முழுவதும், அணைத்த பின் மேலும் சிறிது நேரமும், காற்றுவெளியேற்றி ஓட வேண்டும். அது காற்றை வீட்டுக்கு வெளியே தள்ளும் வகையைச் சேர்ந்ததாகவும் இருக்க வேண்டும். வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடும் வகை, வாசனையைச் சற்றுக் குறைக்குமே தவிர ஈரத்தை அகற்றாது. ஈரப்பத அளவி ஒன்றைச் சிறு தொகைக்கு வாங்கி மாட்டி, குளிர்காலத்தில் 30 முதல் 35 விழுக்காட்டு அளவில் வைத்துக்கொள்வது சன்னல்களுக்கும் சுவர்களுக்கும் பாதுகாப்பானது.

குழாய்களைப் பொறுத்தவரை, நீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுகிறது. பனிக்கட்டி நேரடியாகக் குழாயைப் பிளப்பதைவிட, கட்டிக்கும் மூடிய திருகுக்கும் இடையே சிக்கிய நீரின் அழுத்தம் ஏறிக் குழாய் வெடிப்பதே மிகுதி. அதனால்தான் உறைந்த இடம் ஒன்றாகவும் வெடித்த இடம் வேறாகவும் இருப்பதுண்டு. அழுத்தம் வெளியேற வழி விடுவதற்காகவே, கடுங்குளிர் இரவுகளில் வெளிச்சுவரையொட்டிய குழாயைச் சிறிது கசியவிடச் சொல்கின்றனர்; அறையின் சூடு குழாயை எட்டுவதற்காகக் கைகழுவும் தொட்டியின் அடிக்கதவைத் திறந்து வைக்கவும் சொல்கின்றனர். தோட்டக்குழாய்க்குத் தனிக் கவனம் தேவை. முதலில் ரப்பர் குழாயைக் கழற்றிவிட வேண்டும். பிறகு நிலவறைக்குள் அதே வரியில் உள்ள அடைப்பானை மூடி, வெளியே சென்று குழாயைத் திறந்து, மீண்டும் உள்ளே வந்து, அடைப்பானின் பக்கவாட்டிலுள்ள சிறு மூடியைத் தளர்த்த வேண்டும். அப்போது காற்று புகுந்து, எஞ்சிய நீர் ஒரு கோப்பை அளவில் வடிந்துவிடும். வெளிக்குழாயைத் திறந்தபடியே விட்டுவைக்க வேண்டும். கால் மணி நேரம்கூடப் பிடிக்காத இவ்வேலையை மறந்த வீடுகளில், சுவருக்குள் உண்டான வெடிப்பு ஏப்ரல், மே மாதம் வரை தெரிவதில்லை; தோட்டத்துக்கு முதல் முறை நீர் திறக்கும் நாளில்தான் நிலவறை நனைகிறது.

ஃபர்னஸ் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவால் இயங்கி, சூடான காற்றைக் குழாய்கள் வழியே அறைகளுக்கு அனுப்புகிறது. அதன் காற்றுவடிகட்டியை ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுவது வீட்டார் தாமே செய்யத்தக்கது. எரியறையையும் வெப்பமாற்றியையும் பார்ப்பதற்கு உரிமம் பெற்ற பணியாளரையே அழைக்க வேண்டும். வெப்பமாற்றியில் விரிசல் விழுந்தாலோ புகைவழி அடைபட்டாலோ கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் பரவும். நிறமும் மணமும் அற்ற அந்த வாயு, குருதியில் உயிர்வளி ஏற வேண்டிய இடத்தைப் பற்றிக்கொண்டு, உறங்குபவரை உறக்கத்திலேயே கொல்ல வல்லது. 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் நகரில், கணப்பின் புகைவழி அடைபட்டு நால்வர் கொண்ட ஒரு குடும்பம் மாண்டது. உறவினர்கள் விடாது முயன்றதன் பயனாக 2013இல் மாகாணச் சட்டமன்றம், எரிபொருள் சாதனம் உள்ள வீடுகளில் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. படுக்கையறைகளுக்கு அருகில் அது இருக்க வேண்டும். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னே தள்ளும்போது, இக்கருவியின் மின்கலத்தையும் மாற்றிவிடும்படி தீயணைப்புத் துறைகள் ஆண்டுதோறும் நினைவூட்டுகின்றன. புதிய வகை ஃபர்னஸ்களின் புகைவழி, சுவரின் பக்கவாட்டில் நிலத்துக்கு மேல் சற்று உயரத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குழாயாகும். பெரும்பனி பெய்த காலையில் நடைபாதையைத் துப்புரவாக்கும் முன் அக்குழாயின் வாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுவது முறை.

நிலவறையில் வாடகைக்கு இருப்பவர்கள் இவ்வளவையும் தாமே செய்ய இயலாது. செய்ய வேண்டியதும் இல்லை. புதிதாக வந்திறங்கும் குடும்பங்கள் பல, தங்கள் முதல் குளிர்காலத்தை இத்தகைய அறைகளில்தான் கழிக்கின்றன. டொரன்டோ நகர விதிப்படி, சூடு உரிமையாளரின் கட்டுப்பாட்டில் இருக்குமானால், குளிர்மாதங்களில் குடியிருப்பின் வெப்பநிலை 21 டிகிரிக்குக் குறையாமல் அவர் காக்க வேண்டும். 311 என்ற எண்ணில் நகராட்சிக்கு முறையிடலாம். உரிமையாளர் உறவினராகவோ ஊராராகவோ இருக்கும்போது கேட்பதற்குக் கூச்சப்பட்டு, சமையல் அடுப்பைத் திறந்து எரியவிட்டுக் குளிர்காயும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. கூச்சத்தால் ஒரு குடும்பம் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. கேட்பது அவர்களின் உரிமை.

மின்சாரம் நின்றுபோகும் நாளையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1998 ஜனவரியில் கியூபெக்கிலும் கிழக்கு ஒன்டாரியோவிலும் பெய்த உறைமழை, அதாவது விழுந்த இடத்திலேயே கட்டியாகும் மழை, மின்கோபுரங்களையே வளைத்து வீழ்த்திற்று; மின்சாரத்தாலேயே வீடுகளைச் சூடாக்கும் கியூபெக்கில் சிலர் ஒரு மாதத்துக்கு மேலும் இருளில் கிடந்தனர். 2013 டிசம்பரில் டொரன்டோவிலும் அவ்வாறே நேர்ந்து, ஏறக்குறைய 3 லட்சம் மின்இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. எரிவாயு ஃபர்னஸ் இருந்தாலும் அதன் விசிறி மின்சாரமின்றிச் சுழலாது. அந்த நாள்களில் கரியடுப்பையும் மின்னாக்கியையும் வீட்டுக்குள் இயக்கி நச்சுவாயுவுக்கு ஆளானோர் பலர். இரண்டையும் எந்நிலையிலும் வீட்டுக்குள்ளோ கார்க் கொட்டகைக்குள்ளோ இயக்கலாகாது. கம்பளிப் போர்வை, மின்கல விளக்கு, சில நாள் குடிநீர், சமைக்காமல் உண்ணத்தக்க உணவு ஆகியவற்றை முன்கூட்டியே ஓரிடத்தில் வைத்து, குடும்பம் முழுவதும் ஒரே அறையில் கூடியிருந்து அதன் கதவை அடைத்துக்கொண்டால், உடற்சூடே அவ்வறையை ஓரளவு தாங்கும். வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால், தெருவிலிருந்து நீர் வரும் முதன்மை அடைப்பானை மூடி, மேல்மாடிக் குழாய் தொடங்கி நிலவறைக் குழாய் வரை எல்லாவற்றையும் திறந்து வடித்து, கழிப்பறைத் தொட்டியையும் காலி செய்துவிட்டே புறப்பட வேண்டும். அந்த முதன்மை அடைப்பான் நிலவறையின் எந்த மூலையில் உள்ளது என்பதை வீட்டிலுள்ள அனைவருக்கும் அக்டோபரிலேயே காட்டிவைத்து, அது துருப்பிடித்து இறுகிவிடாமல் ஒருமுறை திருகிப் பார்த்துக்கொள்வதும் ஆயத்தப் பணியில் சேரும்.